மனசு இருக்கும் இடங்கள்

ஆனந்தவல்லி இருபத்திரண்டு வருடம் ஆக்லாந்தில் ரத்தம் எடுத்தாள். சராசரியாக ஒரு நாளைக்கு அறுபது கைகள். மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், பல் டாக்டருக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. ஒரு நாற்காலி, கை வைக்க ஒரு பலகை, கலர் கலராக மூடி போட்ட குழாய்கள். ஊசி ஏறுவதற்கு முன் மனிதர்கள் என்ன சொல்வார்கள், ஏறிய பிறகு என்ன ஆவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கற்றுக்கொண்டாள். "ஓகேவா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் எல்லோரும் ஓகே என்பார்கள். சொல்லிவிட்டுச் சரிவார்கள். ரக்பி ஆடுகிற ஆறடி ஆள்தான் முதலில் சரிவான். அதனால் அவள் வேறு மாதிரி கேட்பாள். காதுக்குள் இரைச்சல் கேட்கிறதா? விரல் நுனி குளிர்கிறதா? இப்போது எங்கே, எப்படி இருக்கிறது? எங்கே என்று கேட்டால் மனிதர்களுக்குப் பொய் சொல்ல வருவதில்லை. தொட்டுக் காட்டிவிடுவார்கள்.

அவள் கணவன் சுப்பிரமணியன் நகராட்சிக்கு வரைபடம் போடுகிறவன். 2017இல் மாரடைப்பில் போனான். மகள் அபர்ணா குடிநீர்க் குழாய் என்ஜினியர். அதற்கு முந்தின வருடமே கல்யாணமாகி, தகனினியில் புது வீடு வாங்கிப் போய்விட்டாள். மவுண்ட் ஆல்பர்ட்டின் பழைய மர வீட்டில் மூன்று படுக்கையறைகளும் ஆனந்தவல்லியும் மிஞ்சினார்கள்.

ஆனந்தவல்லிக்குத் தனிமையைவிடப் பெரிய தொந்தரவு சமையல். ஒரு ஆளுக்குச் சமைக்க அவளுக்குக் கை வரவில்லை. நாலு பேருக்கு வைத்த ரசத்தை அவளே நாலு வேளை குடித்தாள்.

"அளந்து வையேன்மா. தண்ணி இருநூறு மில்லி, புளி இத்தனை கிராம். நான் கணக்குப் போட்டுத் தரேன்," என்றாள் அபர்ணா.

"ஒரு ஆளு ரசத்துக்குப் பாத்திரம் எந்தக் கடையிலடி விக்கிறான்?"

"அப்ப இன்னொரு ஆளப் பிடி."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனந்தவல்லி பிடித்துக்கொண்டாள். ஆங்கிலம் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைக்கும் அலுவலகம் ஒன்று நகரத்தில் இருந்தது. அங்கே ஷாரோன் என்று ஒரு பெண், கோலாலம்பூர்த் தமிழ். வீட்டைப் பார்க்க வந்தவள், புகை அலாரத்தை அழுத்திப் பார்த்தாள், ஹீட்டரைப் போட்டுப் பார்த்தாள், ரசத்தை இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். "ஆன்ட்டி, ஒங்களுக்கு ஜப்பான் பிள்ளைங்கதான் சரி லா. சத்தம் இருக்காது," என்றாள்.

முதலில் வந்த கானா என்ற ஒசாக்காக்காரி வாயை மூடவே மாட்டாள்.

வந்த மறுநாள் காலை கானாவைக் காரில் பள்ளிக்குக் கூட்டிப்போனாள் ஆனந்தவல்லி. ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே இறக்குமதியான சின்னக் கார். ஆக்லாந்தில் பாதி வண்டி அப்படித்தான். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் பணிவாக ஏதோ சொல்லும். பத்திரமாகப் போய் வாருங்கள் என்று அர்த்தமாக இருக்கும் என்பது சுப்பிரமணியனின் தீர்மானம். அவன் சாகும்வரை அதற்கு "சரிம்மா" என்று பதில் சொன்னான். அவனுக்குப் பிறகு ஆனந்தவல்லி சொன்னாள். அன்றைக்கும் சொன்னாள். கானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நெடுஞ்சாலைச் சுங்க அட்டை செருகப்படவில்லை என்கிறதாம் வண்டி. பதினோரு வருடமாக.

"பரவால்ல, குரல்ல அக்கறை இருந்திச்சு," என்றாள் ஆனந்தவல்லி.

அன்றைக்குத்தான் அவளுக்கு ஜப்பானிய மொழி மேல் ஆசை பிடித்தது. எண், கிழமை, வழி கேட்பது எதுவும் அவளுக்கு வேண்டாம். உள்ளே நடப்பதைச் சொல்லும் வார்த்தைகள் மட்டும் போதும். பயம், நினைப்பு, ஏக்கம், கற்பனை. ஊசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அறுபது முகங்களையும் தினம் பார்த்துப் பார்த்து வந்த பசி அது.

லாபில் கழித்துவிட்ட கெட்டி அட்டை நோட்டு ஒன்றை எடுத்தாள். முதல் பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்தாள். அபர்ணா பார்த்துவிட்டு, "இது மனுஷனா, இஞ்சியாம்மா?" என்றாள். ஆனந்தவல்லி கண்டுகொள்ளவில்லை. ஒவ்வொரு வார்த்தை வரும்போதும் அவள் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே? பெண் தொட்டுக் காட்டும் இடத்தில் இஞ்சி மனிதன் மேல் வார்த்தையை எழுதுவாள்.

நாட்சுகாஷி. பழையது ஒன்று திரும்பி வந்து இனிப்பாக வலிப்பது. ஆனந்தவல்லி கத்தரிக்காய் சுட்ட வாசனைக்குக் கானா அந்த வார்த்தையைச் சொன்னாள். எங்கே என்றதும் விரலை மூக்கடியில் வைத்து மெதுவாக நெஞ்சுவரை இறக்கினாள். ஆகவே நோட்டில் மூக்கிலிருந்து நெஞ்சுக்கு ஒரு அம்புக்குறி.

ஹரா என்றால் வயிறு. ஜப்பானியருக்குக் கோபம் வந்தால் வயிறு எழுந்து நிற்குமாம். "எங்களுக்கு எரியும்," என்றாள் ஆனந்தவல்லி. முனே என்றால் நெஞ்சு. சந்தோஷத்தில் அது நிறைந்துவிடும். அதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. டோக்கி டோக்கி என்றால் படபட. இரா இரா என்றால் கடுகடு. மோயா மோயாவுக்கு மட்டும் இரண்டு நாள் யோசித்தாள். ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை என்கிற நிலை. கடைசியில், "குளிர்காலக் காலையில் நம் வீட்டு ஜன்னல்" என்று எழுதி, இஞ்சி மனிதனின் நெற்றியில் ஆவி படிந்ததுபோல் பென்சிலால் தீற்றினாள்.

மோசோ என்பது கற்பனையில் ஒரு வகை. இல்லாததைத் தலைக்குள் மாடி மேல் மாடியாகக் கட்டுவது. கானா அதற்கு உதாரணமும் சொன்னாள். ரயிலில் தினம் எதிரே உட்காரும் ஒருவனை அவள் பார்ப்பாள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஏறும்போது அறிமுகம், கிங்ஸ்லாந்தில் நிச்சயம், நகரத்தில் இறங்கும்போது இரண்டு குழந்தைகள். இடம்: பின்மண்டை.

கோகோரோ என்றால் மனசு. அதை எங்கே எழுதுவது என்று தீரவே இல்லை. கானா மார்பு முழுக்கத் தடவிக் காட்டினாள். அடுத்து வந்த பெண் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தாள். அதற்கடுத்தவள் தொண்டையிலிருந்து தொப்புள்வரை காற்றில் ஒரு வட்டம் போட்டாள். "நீ சொல்லேன், மனசு எங்கம்மா இருக்கு?" என்று அபர்ணா கேட்டதற்கு, "ஒரே இடத்துல குந்தியிருந்தா அது என்னடி மனசு?" என்றாள்.

ஆனந்தவல்லி போன ஜூலையில் இறந்தாள். மூளையில் ரத்தக்கசிவு. இரண்டு நாள். நோட்டு இப்போது தகனினியில் அபர்ணாவிடம் இருக்கிறது. நூற்றுப் பதினான்கு வார்த்தைகள். கோகோரோ மட்டும் பென்சிலில், ஏழு இடத்தில்.

இனி, அந்த நோட்டில் தொண்டைக்குழியில் எழுதி சிவப்பில் அடிக்கோடிட்டிருக்கும் வார்த்தையைப் பற்றி.

என்ரியோ. வேண்டும் என்று இருக்கும், வாய் திறந்து கேட்க வராது. தன்னைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வது. கானாதான் சொல்லிக்கொடுத்தாள். "ஜப்பான்காரர்கள் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவதும் வேண்டாம் என்பார்கள். மூன்றாவது முறை கேட்டால்தான் உண்மை." கானாவைப் பொறுத்தவரை அது சரி. மூன்றாவது முறை அவள் தட்டை நீட்டிவிடுவாள். ஆனந்தவல்லிக்கு இது புதிதாகவும் படவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் முதல் 'போதும்' கணக்கிலேயே வராது.

2024 பிப்ரவரியில் ஷியோரி வந்தாள். பத்தொன்பது வயது. நீகாதா பக்கம், அப்பா நெல் விவசாயி. குரல் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். செருப்பை வாசலில் கழற்றித் திருப்பி வைப்பாள். ஆனந்தவல்லியை மரியாதையாக வல்லி-சான் என்று கூப்பிடுவாள். ஆனந்தவல்லிக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

முதல் ராத்திரி சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். ஷியோரி ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். ஆனந்தவல்லி கரண்டியோடு வந்தாள்.

"இன்னும் கொஞ்சம்?"

"போதும், நன்றி. ரொம்ப ருசி."

என்ரியோ, என்று நினைத்துக்கொண்டாள் ஆனந்தவல்லி. இரண்டாவது முறை கேட்டாள். வேண்டாம். மூன்றாவது முறை கேட்டாள். வேண்டாம். இந்தப் பெண்ணுக்குத் தொண்டையில் பூட்டு கொஞ்சம் பெரிதுபோல என்று நாலாவது முறை கேட்கவில்லை, போட்டுவிட்டாள். ஷியோரி தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டாள். தட்டு கழுவிவைத்ததுபோல் ஆனது.

பார்த்தாயா, பசிதான்.

அன்றிலிருந்து தினமும் இதுதான். தட்டு காலியாகும், கரண்டி வரும். கரண்டி வந்தால் தட்டு மறுபடி காலியாகும். மிச்சம் மீதியைப் போட நகராட்சி கொடுத்திருந்த பச்சைத் தொட்டியில் தோலும் காம்பும் தவிர எதுவும் விழவில்லை. ஆனந்தவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு வாரமும் ஞாயிறுதோறும் அபர்ணாவிடம் இதே பெருமைதான். "சோறுன்னா உசுருடி அந்தப் பொண்ணுக்கு. நீயும் இருந்தியே, பொறுக்கிப் பொறுக்கி."

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஷாரோன் போன் செய்தாள்.

"ஆன்ட்டி, கோவிச்சிக்காதீங்க. ஷியோரி வீடு மாத்திக் கேட்டிருக்கா."

ஆனந்தவல்லி கையில் வெங்காயம் இருந்தது. கீழே வைத்தாள். "ஏன்? என்ன சொன்னா?"

"அதான் ஆன்ட்டி எனக்கும் புரியல. அவ எழுதிக்குடுத்த பாரத்துல காரணம்னு ஒரு எடம் இருக்கு. அதுல எழுதியிருக்கா, 'வல்லி-சான் மிகவும் அன்பானவர். மன்னிக்கவும்.' அவ்ளோதான்."

"அன்பா இருந்தா ஏம்மா போகணும்?"

"என்னைக் கேட்டா? கிளென் ஈடன்ல ஒரு வீடு பாத்தாச்சு. சனிக்கிழமை மாறுறா. மனசு மாறினா வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அவளே சொல்லணும். நீங்க கேட்டதா காட்டிக்காதீங்க லா, ரொம்ப சங்கடப்படுவா."

போனை வைத்துவிட்டு ஆனந்தவல்லி நாற்காலியில் உட்கார்ந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு மறுபடி நாலு பேர் ரசம், ஒரு தட்டு. ஏழு வாரமாக அந்த வீட்டில் யாரோ பல் தேய்க்கும் சத்தம் இருந்தது. ஐந்தரை மணி ரயிலுக்குக் காது கொடுக்க ஒரு காரணம் இருந்தது. அது போகப்போகிறது. இன்னொரு பெண் வரலாம். ஆனால் இந்தப் பெண் வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. ஷியோரி நோட்டின் வார்த்தைகளுக்கு உடனே இடம் காட்டமாட்டாள். ஒரு நாள் எடுத்துக்கொண்டு, மறுநாள் ரயிலிலிருந்து இறங்கி வந்து, "நேற்றுக் கேட்டது, இங்கே," என்று காதின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவாள். அவ்வளவு யோசித்துப் பதில் சொல்லும் ஆள் ஆனந்தவல்லிக்கு வேறு வாய்த்ததில்லை.

அன்று முழுக்க மோசோ. பின்மண்டையில் மாடி மேல் மாடி. பெருங்காய வாசனை அவள் கோட்டில் ஏறிவிட்டதோ? காலை ஆறு மணிக்குச் சாமிக்கு மணி அடிப்பது தூக்கத்தைக் கெடுக்கிறதோ? குளியலறை ஜில்லென்று இருக்கிறதோ? புதுவீட்டில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் இருக்குமாக்கும். சுப்பிரமணியன் படத்துக்கு நேர் எதிரே சாப்பிட உட்காரவைத்தது தப்போ?

ராத்திரி ஷியோரி வழக்கம்போல் சாப்பிட்டாள். வழக்கம்போல் நன்றி சொன்னாள். முகத்தில் ஒன்றுமில்லை. ஆனந்தவல்லியும் வழக்கம்போல் மூன்று தரம் கேட்டு நாலாவது தரம் போட்டாள். கடைசி நாலு நாளாவது பிள்ளை வயிறாரச் சாப்பிடட்டும் என்று ஒரு கரண்டி கூடவே போட்டாள்.

புதன்கிழமை குப்பை வண்டி வரும் நாள். ஷியோரி பள்ளிக்குப் போன பிறகு, வாரா வாரம் செய்வதுபோல், அவள் அறைக் கூடையை எடுக்கப் போனாள் ஆனந்தவல்லி. கூடையில் ஒரு பிஸ்கட் பை, வாய் மடித்து ரப்பர் போட்டு. காலிப் பிஸ்கட் பை இவ்வளவு உப்பலாக இருக்காதே என்று திறந்தாள். உள்ளே சின்னச் சின்ன வெள்ளிப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் ஓரம் கிழித்து, இரண்டாக மடித்து, அடுக்கி வைத்திருந்தது. எண்ணினாள். பதினாலு.

மருந்து. இருபத்திரண்டு வருடம் லாபில் இருந்தவளுக்கு அது பார்த்ததும் தெரிந்தது. பயந்துபோனாள். பிள்ளைக்கு என்ன நோய்? போன் கேமராவை எழுத்தின் மேல் பிடித்தாள். எழுத்து நடுங்கி, கலைந்து, ஆங்கிலமாக வந்து நின்றது.

அளவுக்கு மீறி உண்டதால் ஏற்படும் வயிற்றுப் பாரம், நெஞ்செரிச்சல், குமட்டலுக்கு. உணவுக்குப் பின் ஒரு பொட்டலம்.

ஒரு வாரக் கூடை. ஒரு நாளைக்கு இரண்டு.

ஆனந்தவல்லி படுக்கை ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. அபர்ணாவுக்குப் போன் செய்தாள்.

"எங்கிட்ட அறுபது பேர் வருவாங்க. உதடு வெளுக்கறதுக்கு முன்னாடியே இவன் விழப்போறான்னு சொல்லிடுவேன். வீட்டுக்குள்ள ஒரு பொண்ண ஆறு வாரமா சோத்தால அடிச்சிருக்கேன்டி."

அபர்ணா எல்லாவற்றையும் கேட்டாள். காலியான தட்டு, வரும் கரண்டி, ஷியோரி அப்பாவின் நெல், வீட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடமாட்டார்கள் என்று அவள் சொன்னது.

"அம்மா, இது மிதவை இல்லாத தொட்டி," என்றாள். "தொட்டி காலியானா உன் மோட்டார் ஓடுது. மோட்டார் ஓடினா அவ தொட்டியக் காலி பண்றா. காலியானா நீ மறுபடி... இதுக்கு நிக்கிற எடமே கிடையாது. வெடிக்கணும், இல்ல தொட்டியே வீடு மாறணும்."

"சிரிக்காதடி."

"சிரிக்கலம்மா." சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வேண்டாம் வேண்டாம்னு சொன்னா. நான்தான் என்ரியோன்னு... அந்த வார்த்தைய மட்டும் தெரியாம இருந்திருந்தா மூஞ்சியப் பாத்திருப்பேன். வார்த்தை தெரிஞ்சுபோச்சு, மூஞ்சியப் பாக்கறத விட்டுட்டேன்."

அபர்ணாவின் சிரிப்பு நின்றது. "போகாதன்னு கேளேன்மா."

"கேட்டா இருக்கேன்னுதான் சொல்லுவா. சோத்துக்குச் சொன்ன மாதிரியே. அது இருக்கறதா?" பொட்டலங்களைப் பழையபடி பைக்குள் போட்டாள். "சனிக்கிழமை காலைல உன் பெரிய காரை எடுத்துட்டு வா. என் வண்டில அந்தப் பெட்டி ரெண்டும் ஏறாது."

வியாழன் சாயங்காலம் ஆனந்தவல்லி வறுவல் கிறுவல் எதுவும் செய்யவில்லை. ரசம், கொஞ்சம் சோறு, கீரை. ஷியோரி உட்கார்ந்ததும், லாபில் புதிதாக வருகிறவர்களிடம் பேசும் குரலில் பேசினாள். அங்கே அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஊசியை எடுப்பதற்கு முன் நடக்கப்போவதை வரிசையாகச் சொல்லிவிடுவாள்: நாலு குழாய் எடுப்பேன், ஒரு நிமிடம் ஆகும், நிறுத்த வேண்டுமென்றால் இன்னொரு கையைத் தூக்கு, நிறுத்திவிடுவேன். இருவருக்கும் நடுவில் ஓடியது ஆங்கிலம்தான். இரண்டு பேருடையதும் சுமார் ஆங்கிலம், அதனால் நன்றாகப் புரிந்தது.

"இந்த வீட்டுச் சட்டத்த நான் உனக்குச் சொல்லவே இல்ல. தப்பு என்னுது. எங்க ஊர்ல தட்டு காலியா இருந்தா இன்னும் பசின்னு அர்த்தம். வாய் போதும்னு சொன்னாலும் எங்களுக்குக் காது கேக்காது. கண்ணு தட்ட மட்டும்தான் பாக்கும்."

ஷியோரியின் கண்கள் தட்டுக்குப் போய்த் திரும்பின. "காலி... பசி?"

"ஆமா."

"எங்கள் வீட்டில், காலி என்றால், நன்றி."

இரண்டு பேரும் தட்டையே பார்த்தார்கள்.

"அப்படியென்றால் எப்படி நிறுத்துவது?" என்றாள் ஷியோரி. அது கேள்வியாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

"மிச்சம் வைக்கலாம்."

"முடியாது," என்றாள் ஷியோரி. அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் முடியாது. அப்பாவின் முகம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"சரி, அப்ப கை. இப்படி." ஆனந்தவல்லி தன் தட்டின் மேல் உள்ளங்கையைக் குடைபோல் கவிழ்த்தாள். "கை மேல யாரும் சோறு போடமாட்டாங்க. பந்தில ஓடிக்கிட்டே பரிமாறுறவனும் நின்னுடுவான். வாய் என்ன சொன்னாலும் அது உபசாரம். கை சொன்னா சட்டம். போதும்னு சொல்லு. சத்தமா."

"போதும்."

"கேக்கல." ஆனந்தவல்லி கரண்டியோடு பாய்ந்தாள். ஷியோரி கையைக் கவிழ்க்கத் தாமதமானது. ஒரு கரண்டிச் சோறு விழுந்தது.

"பாத்தியா! மறுபடி."

இரண்டாவது முறை கை சரியாக வந்தது. மூன்றாவது முறை கை வந்த வேகத்தில் தண்ணீர்க் குவளை சாய்ந்தது. "போதும்!" என்று ஷியோரி கத்தினாள். அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்கும் என்பது இரண்டு பேருக்கும் அன்றுதான் தெரிந்தது. ஆனந்தவல்லி மேஜையில் தலை வைத்துச் சிரித்தாள்.

தண்ணீரைத் துடைத்தார்கள். துடைக்கும்போது ஷியோரி சொன்னாள்.

"நான் கற்பனை செய்தேன். மிச்சம் வைத்தால் வல்லி-சான் தனியாக அந்தத் தட்டைக் கழுவுவீர்கள். படத்தைப் பார்ப்பீர்கள். வருத்தப்படுவீர்கள். அதனால் சாப்பிட்டேன். உங்களிடம் வேண்டாம் சொல்ல முடியவில்லை. வேறு வீட்டில், தெரியாத ஆட்களிடம், சொல்ல முடியும்."

ஆனந்தவல்லி துணியைப் பிழிந்தாள். "நான் என்ன கற்பனை பண்ணேன் தெரியுமா? பெருங்காயம். சாமி மணி. குளியலறை."

"மணி எனக்குப் பிடிக்கும்," என்றாள் ஷியோரி அவசரமாக. பிறகு யோசித்து, "குளியலறை குளிர்," என்றாள். சொல்லிவிட்டு, சொன்னதற்குத் தானே ஆச்சரியப்பட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லது. இன்னும் சொல்லு."

நோட்டை ஷியோரியே போய் எடுத்துவந்தாள். இதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்றாள். ஒமோயியாரி. தன் நினைப்பை இன்னொருவரிடம் அனுப்புவது. அவருக்கு என்ன வேண்டும் என்று அவர் சொல்லாமலே பார்ப்பது. நல்ல வார்த்தை, பள்ளியில் சொல்லித்தருவார்கள். "நாம் இரண்டு பேரும் அனுப்பினோம். ரொம்ப. இரண்டும் வழியில் மோதிக்கொண்டன."

"எங்க?" என்றாள் ஆனந்தவல்லி.

ஷியோரி இந்த முறை ஒரு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. இஞ்சி மனிதனுக்குப் பக்கத்தில், வெறும் தாளில், இன்னொரு உருவம் வரைந்தாள். சின்னது, பாவாடை போட்டது. இரண்டுக்கும் நடுவே எழுதினாள்.

பிறகு ஆனந்தவல்லி, "சனிக்கிழமை பத்தி நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். கேட்டா நீ எனக்காகப் பதில் சொல்லுவ. உனக்கு எது சுகமோ அதப் பண்ணு. கிளென் ஈடன் நல்ல ஊர்தான்," என்றாள். அதைச் சொல்லும்போது குரல் ஆடாமல் பார்த்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடப் பயிற்சி.

ஷியோரி தலையசைத்தாள். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, போகிறேன் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஆனந்தவல்லி இரண்டு ஜன்னல் திரைகளைத் துவைத்தாள், ஏற்கெனவே சுத்தமாக இருந்த அடுப்பைத் தேய்த்தாள், குளியலறைக்கு ஒரு சின்ன ஹீட்டர் வாங்கிவந்து மாட்டினாள். அடுத்து வரும் பெண்ணுக்கு ஆகும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாலரை ஆயிற்று. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவளே ஷாரோனுக்குப் போன் செய்தாள். கேட்பதில்லை என்று சத்தியம் செய்தது ஷியோரியிடம்தான், ஷாரோனிடம் அல்ல.

"என்னா ஆன்ட்டி, ஒங்ககிட்ட சொல்லலியா? காலைல பத்து மணிக்கே வந்துட்டா. நேரா ஆபிசுக்கு. பாரத்தைத் திருப்பிக் குடுங்கன்னு வாங்கிக் கிழிச்சிட்டா. எங்க ஆபிஸ்ல யாரும் அப்படிப் பண்ணதில்ல லா. ஏன்மா இருக்கேன்னு கேட்டேன். வல்லி-சான் வீட்டுல இப்ப எனக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியும்னு சொல்றா. என்னா ஆன்ட்டி அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் சரிதாம்மா," என்றாள் ஆனந்தவல்லி. முனே நிறைந்துவிட்டது.

இந்தக் கலவரத்தில் அபர்ணாவுக்கு யாரும் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை தகனினியிலிருந்து நெடுஞ்சாலையில் நாற்பது நிமிடம் ஓட்டி, பெட்டி ஏற்றப் பின்சீட்டை மடித்துப் போட்டுக்கொண்டு, என்ன ஆறுதல் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். கூடத்தில் பெட்டி எதுவும் இல்லை. சமையலறையில் தோசை வாசனை. ஷியோரி இரண்டு தோசையோடு கையைக் கவிழ்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஆனந்தவல்லி கல்லடியில் நின்று ஏதோ முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்கம்மா?"

"எந்தப் பெட்டி? உக்காரு. ஆறிடும்."

ஷியோரி அபர்ணாவுக்கு விஷயத்தைச் சொன்னாள். சட்டத்தையும் செய்து காட்டினாள். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் விரிந்து. அபர்ணா இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதும் சாப்பிட்டாள். நாலாவது வரும்போது, கற்றுக்கொண்டபடியே தட்டின் மேல் கையைக் கவிழ்த்தாள். "போதும்."

ஆனந்தவல்லி நிற்கவில்லை. தோசையைக் கையின் மேலேயே போட்டாள்.

"அம்மா! சுடுது!"

"சட்டம் அவளுக்குடி," என்றாள் ஆனந்தவல்லி. "நீ நான் பெத்தது."

ஷியோரி டீயைப் புரையேற்றிக்கொண்டாள். அபர்ணா தோசைக்கு அடியிலிருந்து கையை மெதுவாக உருவினாள். விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைச் சப்பினாள். சாப்பிட்டாள். பிறகு அம்மா கேட்காமலே ஐந்தாவதுக்குத் தட்டை நீட்டினாள்.